கூர்மம் கழுத்தை எந்தப் பக்கம் மடக்கியது?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

 

இந்த எபிசோட் எங்க வீட்டுத் திண்ணையில ஆரம்பிச்சது. போன மாசம் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். புதுசா கேக்குறவங்களுக்குச் சொல்லிடறேன், எங்க ஊரு தேவிகாபுரம். ஆரணிப் பட்டுன்னு நீங்க கடையில பாக்குற சேலைகள்ல நிறைய எங்க பக்கத்துத் தறியில நெஞ்சதுதான். தாத்தா தறி போட்டார், அப்பா தறி போடறார், நான் லேப்டாப் தட்டறேன்.

அப்பா கேட்டார்: “அடுத்தது எதைப் பத்திப் பேசப் போற?”

“ஆமையைப் பத்திப்பா.”

“ஏன்டா, ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்லுவாங்க. வேற எதுவும் கிடைக்கலியா உனக்கு?”

“இது வீட்டுக்குள்ள வராதுப்பா. செத்து ஆறரைக் கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு.”

அவர் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அவ்ளோ பழைய எலும்பு, அது இன்ன ஆமைதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?”

இன்னைக்கு எபிசோட் முழுக்க அந்தக் கேள்விதான். பதில் இருக்கிற இடம் ரொம்ப தூரம் இல்ல. நம்ம அரியலூர் மாவட்டம், கல்லமேடு.

முட்டை இல்லாத முட்டை

முதல்ல, தப்பா வகைப்படுத்தினா என்ன ஆகும்னு பாத்துடலாம்.

2020 அக்டோபர் ஞாபகம் இருக்கா? பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில, உருண்டை உருண்டையா பெரிய கல்லுங்க கிடைச்சது. “டைனோசர் முட்டை”ன்னு வாட்ஸ்அப் முழுக்க ஓடுச்சு. எனக்கே நாலு குரூப்ல வந்தது. நானும் ஒரு குரூப்புக்கு அனுப்பினேன், ஒத்துக்கிறேன்.

நிலவியல் தெரிஞ்சவங்க போய்ப் பாத்தாங்க. முட்டை இல்லைன்னு சொல்லிட்டாங்க. அம்மோனைட்டுன்னு ஒரு கடல் உயிரி உண்டு, சுருள் ஓடு கொண்டது, கணவாய்க்குத் தூரத்து உறவு. அந்த மாதிரி ஓட்டைச் சுத்திக் கடலடி வண்டல் கொஞ்சம் கொஞ்சமா இறுகி உருண்டையாகும். குன்னத்துல கிடைச்சது அப்படிப்பட்ட கல். வெளியிலிருந்து பார்த்தா முட்டை மாதிரி இருக்கும். உள்ளே கதை வேற.

எங்க அப்பாகிட்ட யாராவது ஒரு சேலையைக் கொடுத்து “இது கைத்தறியா, பவர்லூமா?”ன்னு கேட்டா, அவர் முன்பக்கத்தைப் பாக்கவே மாட்டார். திருப்பிப் போட்டு பின்பக்கத்தைப் பாப்பார். கரை உடலோட சேர்ற இடத்துல நூல் எப்படிப் போகுது, ஜரிகை எங்க திரும்புதுன்னு விரலால தடவுவார். “முன்னாடி யாரு வேணா அழகா காட்டலாம். பின்னாடி பொய் சொல்ல முடியாது” என்பது அவர் கட்சி. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

கடல் விலகிய இடம்

அரியலூர், பெரம்பலூர், திருச்சி பகுதி ஒரு காலத்தில் கடல். அரியலூரைச் சுத்தி இவ்வளவு சிமெண்ட் ஆலைகள் இருக்கக் காரணமும் அதுதான். கிரெட்டேசியஸ் காலத்துக் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்லைத்தான் இன்னைக்கு வெட்டி எடுக்கிறோம். உங்க அபார்ட்மெண்ட் சுவருக்குள்ள கொஞ்சம் கிரெட்டேசியஸ் கடல் இருக்கலாம்.

பிரிட்டிஷ் காலத்தில் ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் இந்தப் பகுதிப் பாறைகளை வரைபடமாக்கி, 1862ல் பெரிய அறிக்கையாக வெளியிட்டார். அதற்குப் பிறகு உலகம் முழுக்க அம்மோனைட் ஆராய்ச்சி செய்றவங்களுக்கு ‘டிரிச்சினோபொலி’ ஒரு பழகின பெயர்.

ஆனா கல்லமேடு கொஞ்சம் வேற. கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிக் கட்டத்தை மாஸ்டிரிக்டியன் என்று சொல்வாங்க. ஏறத்தாழ 7 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னாடி தொடங்கி, டைனோசர்கள் அழிந்த 6 கோடியே 60 லட்சம் ஆண்டு வரைக்கும். அந்தச் சமயத்தில் இங்கே கடல் பின்வாங்கியது. கடல் விட்டுப்போன இடத்தில் ஆறுகள் மணலையும் களிமண்ணையும் கொண்டுவந்து போட்டன. அந்தப் படிவுக்குத்தான் கல்லமேடு படிவம் என்று பெயர். இங்கே கிடைக்கிறது ஆத்தங்கரை உயிர்கள்: டைனோசர் எலும்பு, முதலைப் பல், மீன், தவளை, அப்புறம் நம்ம ஆமை.

புள்ளியியல் நிறுவனத்தில் ஒரு மண்டையோடு

2001ல் நியூயார்க்கிலிருந்து வெளியாகும் ‘அமெரிக்கன் மியூசியம் நோவிடேட்ஸ்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவங்க மூணு பேர். யூஜீன் காஃப்னி, நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். ஆமை மண்டையோடுகளைப் பற்றி உலகிலேயே அதிகம் எழுதியவர்களில் ஒருவர். சங்கர் சாட்டர்ஜி, டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம். தீரஜ் ருத்ரா, கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனம்.

அவங்க ஒரு புது ஆமைக்குப் பெயர் வெச்சாங்க: குர்மாடெமிஸ் கல்லமேடென்சிஸ். முதல் பெயரில் இருக்கிறது நம்ம கூர்மம். பாற்கடல் கடைஞ்சப்போ மந்தர மலையைத் தாங்கின கூர்மாவதாரம். இரண்டாவது பெயரில் இருக்கிறது நம்ம கல்லமேடு. எந்த விஞ்ஞானி எந்த மொழியில எழுதினாலும் அந்த ஆமையைச் சொல்லணும்னா நம்ம ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் ஆகணும். எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருந்தது.

இப்போ ஒரு சந்தேகம் வரணும். புள்ளியியல் நிறுவனத்துக்கும் ஆமை எலும்புக்கும் என்ன சம்பந்தம்?

அந்த நிறுவனத்தை 1931ல் தொடங்கினவர் பி. சி. மகலனோபிஸ். அளக்கக்கூடிய எல்லாமே புள்ளியியலுக்கு விஷயம்தான்னு நம்பின மனுஷன். எலும்பையும் அளக்கலாமே? 1950களின் கடைசியில் லண்டனிலிருந்து பமேலா ராபின்சன் என்ற தொல்லுயிரியலாளரை வரவழைத்தார். அவர் வழிகாட்டலில் அங்கே ஒரு நிலவியல் பிரிவு உருவாச்சு. அந்தக் குழு கோதாவரிப் பள்ளத்தாக்கில் தோண்டி எடுத்ததுதான் பாரபாசாரஸ் என்ற ஜுராசிக் காலத்துப் பெரிய டைனோசர். தாகூர் நூற்றாண்டுச் சமயத்தில் கிடைத்ததால் பாரபாசாரஸ் தாகோராய் என்று 1975ல் பெயர் வெச்சாங்க. சங்கர் சாட்டர்ஜியும் அந்தப் பெயர் வெச்ச நாலு பேரில் ஒருத்தர். இன்னொருத்தர் எஸ். எல். ஜெயின். இந்த ஜெயின் பெயரை மறந்துடாதீங்க, திரும்ப வருவார்.

கழுத்து கிடைக்கலைன்னா?

சரி, அப்பாவோட கேள்விக்கு வருவோம். எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

தமிழ்ல நமக்கு எல்லாமே ஆமைதான். கடலாமை, நிலத்தாமை, குளத்தாமைன்னு இடத்தை வெச்சுப் பிரிக்கிறோம். விஞ்ஞானிகள் கழுத்தை வெச்சுப் பிரிக்கிறாங்க. இன்னைக்கு உயிரோட இருக்கிற எல்லா ஆமைகளும் ரெண்டே பெரிய கூட்டம். ஒண்ணு, தலையை நேராக உள்ளே இழுத்துக்கிற கூட்டம். உள்ளே கழுத்து மேலும் கீழுமாக ‘எஸ்’ எழுத்து மாதிரி மடங்கும். நட்சத்திர ஆமை இந்த வகை. பெசன்ட் நகர் கடற்கரையில ராத்திரி ஆமை நடைக்குப் போய் நீங்க பாத்திருக்கிற ஆலிவ் ரிட்லியும் இந்த வகைதான். ஆனா கடலாமையால முழுசா உள்ளே இழுக்க முடியாது. இரண்டாவது, கழுத்தைப் பக்கவாட்டில் மடக்கி ஓட்டின் ஓரத்துல ஒளிச்சுக்கிற கூட்டம். பக்கக்கழுத்து ஆமைகள்.

இந்தியாவில் இன்னைக்கு உயிரோட ஒரு பக்கக்கழுத்து ஆமைகூட கிடையாது. அதுங்க இருக்கிறது தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆஸ்திரேலியா பக்கம். ஆனா கல்லமேட்டு ஆமை பக்கக்கழுத்து ஆமை.

இங்கதான் நான் மாட்டிக்கிட்டேன். மண்டையோட்டை மட்டும் கையில வெச்சுக்கிட்டு, கழுத்து எந்தப் பக்கம் மடங்குச்சுன்னு எப்படிச் சொல்ல முடியும்? கழுத்துல இருந்த தசை எதுவுமே மிச்சமில்லையே?

பதில் தாடையில் இருக்கு. ஆமையின் மண்டைக்குள்ள காதைச் சுத்தியிருக்கிற எலும்புப் பெட்டி ரொம்பப் பெருசு. தாடையை மூடுற தசை மண்டையின் பின்பக்கத்திலிருந்து நேராக் கீழே வர முடியாது. அந்தப் பெட்டி வழியை மறிக்குது. அதனால அந்தத் தசைநார் ஒரு இடத்தில் வளைந்து திரும்பியாகணும். கிணத்துல வாளி இறைக்கிறப்போ கயிறு கப்பியில் திரும்புற மாதிரி. ஒரு கூட்டத்துக்கு இந்தக் கப்பி காதுப் பெட்டியின் மேலேயே இருக்கு. பக்கக்கழுத்துக் கூட்டத்துக்கு அது அண்ணத்துப் பக்கமுள்ள இறகெலும்பிலிருந்து நீட்டிக்கிட்டு இருக்கு. இந்த ரெண்டு கப்பிகளை வெச்சு ஆமைகளின் பெரிய பிரிவுகளை 1975ல் ஒழுங்குபடுத்தியவர் அதே காஃப்னிதான்.

இது கழுத்து மடங்குறதுக்குக் காரணம் இல்ல, கவனிங்க. கழுத்தும் கப்பியும் ஒரே குடும்பச் சொத்து. ரெண்டும் சேர்ந்தே வழிவழியா வருது. அதனால ஒண்ணைப் பாத்தா மத்ததைச் சொல்லலாம். இடுப்பெலும்பு கிடைச்சா இன்னொரு சாட்சியும் உண்டு: பக்கக்கழுத்து ஆமைகளுக்கு இடுப்பெலும்பு ஓட்டோட மேலேயும் கீழேயும் ஒட்டிப்போயிருக்கும்.

சரி, பக்கக்கழுத்து கூட்டம்னு ஆச்சு. அதுக்குள்ள எந்தக் குடும்பம்? இப்போ மண்டையோட்டைத் திருப்பிப் போடணும். அப்பா சேலையைத் திருப்புற மாதிரியே. மண்டையின் அடிப்பகுதி, காதைச் சுத்தியுள்ள எலும்புகள், நரம்பும் ரத்தக்குழாயும் போற துளைகள்: இங்கதான் குடும்ப அடையாளம் இருக்கு. ஓடு வாழ்ற இடத்துக்கு ஏத்த மாதிரி உருவம் மாத்திக்கும். சம்பந்தமே இல்லாத ரெண்டு ஆமைக்கு ஒரே மாதிரி ஓடு இருக்கலாம். குர்மாடெமிஸ் மண்டையில, முதுகெலும்பு வந்து சேர்ற இடத்துக்குப் பக்கத்திலுள்ள எலும்பும், தாடை மூட்டைத் தாங்குற எலும்பும் ஒண்ணையொண்ணு தொடுது. இது போத்ரெமிடிடே என்ற அழிந்துபோன குடும்பத்தின் முக்கிய அடையாளங்களில் ஒண்ணு. ரெண்டு எலும்பு தொடுதா, தொடலையா. அவ்வளவுதான்.

ஓட்டை இருந்தா 1, இல்லைன்னா 0

நம்ம மாதிரி கோடு அடிக்கிறவங்களுக்கு இனிமேதான் சுவாரசியம்.

ஒரு டேபிள் போடறாங்க. ஒவ்வொரு வரிசையும் ஒரு ஆமை. ஒவ்வொரு பத்தியும் ஒரு அடையாளம். தொடுதா? 1. தொடலையா? 0. எலும்பு உடைஞ்சுபோச்சா? கேள்விக்குறி. கேள்விக்குறி ரொம்ப முக்கியம். தெரியாததைத் தெரியாதுன்னு எழுதுற நேர்மை அதுல இருக்கு.

எங்க வீட்டு ஜக்கார்டு பெட்டியில தொங்குற அட்டையும் இதேதான். ஓட்டை இருந்தா இழை மேலே போகும், இல்லைன்னா போகாது. அந்த 0, 1 வரிசையைப் படிச்சா மயிலோ மாங்காயோ வருது. ஆமை டேபிளைப் படிச்சா ஒரு வம்சாவளி மரம் வருது.

எப்படி? அந்த ஆமைகளைச் சேர்த்துப் போடக்கூடிய மரங்களை கம்ப்யூட்டர் ஒப்பிடும். எந்த மரத்துக்குக் குறைவான மாற்றங்கள் போதுமோ அதை எடுக்கும். ஒரே அடையாளம் அஞ்சு தடவை தனித்தனியா உருவாச்சுன்னு சொல்றதைவிட, ஒரு மூதாதையிடம் ஒரு தடவை உருவாகி வாரிசுகளுக்குப் போச்சுன்னு சொல்றது எளிய விளக்கம். கேக்க சுலபம். ஆனா 10 ஆமைக்கே, வேர் வெச்ச மரங்கள் எத்தனை தெரியுமா? 3 கோடியே 44 லட்சத்து 59 ஆயிரத்து 425. இருபது, முப்பதுன்னு போனா எல்லாத்தையும் ஒண்ணொண்ணா சரிபாக்கவே முடியாது. குறுக்கு வழியில தேடணும். இன்டர்வியூல அல்காரிதம் கேள்வி எதுக்குன்னு புலம்பினவங்க கவனத்துக்கு.

2006ல் காஃப்னி, ஹையான் டாங், பீட்டர் மெய்லன் மூணு பேரும் இந்தக் குடும்பத்தைப் பத்தி ஏறத்தாழ 700 பக்கத்துக்கு ஒரு நூல் போட்டாங்க. அதில் கல்லமேட்டு ஆமைக்கு ஒரு தனிக் கிளை கிடைச்சது: குர்மாடெமிடினி. போத்ரெமிடிடே குடும்பத்துக்குள்ள ஒரு பங்காளிக் கூட்டம், அதுக்கு நம்ம ஆமைதான் பெயர் கொடுத்த தலைக்கட்டு.

பெயர் மாறுறது அவமானம் இல்ல

இந்தப் பங்காளிகளைத் தேடிப் போனா, பம்பாய்க்குப் போகணும்.

1852ல் ஹென்றி ஜான் கார்ட்டர் என்பவர் பம்பாய்த் தீவில் எரிமலைப் பாறைகளுக்கு நடுவே இருந்த வண்டலில் கிடைத்த ஒரு ஆமைக்குப் பெயர் வெச்சார். டெஸ்டூடோ லீத்தி. லீத் என்பவரின் நினைவாக. பின்னாடி அதை ஹைட்ராஸ்பிஸ் லீத்தின்னு மாத்தினாங்க. ஹைட்ராஸ்பிஸ் என்பது தென் அமெரிக்க ஆமைகளுக்கு அப்போ புழக்கத்தில் இருந்த பெயர். பம்பாய் ஆமைக்குத் தென் அமெரிக்க இனிஷியல்! கண்டங்கள் நகரும்னு யாரும் நினைக்காத காலம் அது. ஆனா அப்படி மாத்தினவங்க கண்ணு பாத்த ஒற்றுமையில ஒரு விஷயம் உண்மை: அதுவும் பக்கக்கழுத்து ஆமை. நூறு வருஷம் கழிச்சு, 1950களில் எர்னெஸ்ட் வில்லியம்ஸ், இது அந்தத் தென் அமெரிக்கக் குடும்பமே இல்ல, வேற பக்கக்கழுத்துக் குடும்பம்னு காட்டினார். பேரினப் பெயர் கார்ட்டெரெமிஸ் ஆச்சு.

1977ல் நம்ம எஸ். எல். ஜெயின் வர்றார். மகாராஷ்டிரத்தில் பிஸ்துரா என்ற ஊர். லமேட்டா படிவம். டைனோசர்களின் புதைபடிவச் சாணத்துக்குப் பேர்போன இடம். அங்கே கிடைத்த ஆமைக்கு கார்ட்டெரெமிஸ் பிஸ்துரென்சிஸ் என்று பெயர் வெச்சார். 1986ல் அவரே அதை ஷ்வெபோயெமிஸ் என்ற பேரினத்துக்கு மாத்தினார். யோசிச்சுப் பாருங்க, தான் வெச்ச பெயரைத் தானே திருத்துறது. நம்ம ஆபீஸ்ல பழைய கோடுல ‘இது நான் எழுதினதுதான், தப்பு’ன்னு கமெண்ட் போடுறவங்க எத்தனை பேர்?

2003ல் பம்பாயிலிருந்து இன்னொரு பங்காளி: சங்குசெமிஸ். பெயர் வெச்ச குழுவில் காஃப்னியோட அசோக் சாஹ்னியும் இருந்தார். 2020ல் சுவிட்சர்லாந்தின் வால்டர் ஜாய்ஸும் கொல்கத்தாவின் சாஸ்வதி பந்தோபாத்யாயும் பிஸ்துரா ஆமையை மறுபடி முதலிலிருந்து ஆராய்ஞ்சாங்க. ரெண்டு பழைய பேரினமும் பொருந்தலை. புதுப் பேரினம் வேணும். ஜெயினெமிஸ் என்று வெச்சாங்க. முதலில் அடையாளம் கண்டவரோட பெயராலேயே.

இத்தனை தடவை பெயர் மாறியும் ஒண்ணு மட்டும் மாறலை. பிஸ்துரென்சிஸ். 1977ல் வெச்ச அந்த இரண்டாம் பெயர் அப்படியே இருக்கு. அதுதான் சர்வதேச விதி. முதலில் முறையா வெச்ச இனப்பெயருக்கு முன்னுரிமை. அது எந்தப் பேரினத்துக்கு மாறினாலும் கூடவே போகும். கல்யாணமாகி எந்த வீட்டுக்குப் போனாலும் கூப்பிடுற பேர் மாறாத மாதிரி.

மடகாஸ்கர் சித்தப்பா

2009ல் மடகாஸ்கரிலிருந்து ஒரு ஆமை அறிவிக்கப்பட்டது: கின்கோனிசெலிஸ். அதே மாஸ்டிரிக்டியன் காலம். டேபிள்ல போட்டுப் பாத்தா, அது வந்து உட்காந்தது குர்மாடெமிடினி கிளையில். கல்லமேட்டுக்காரனுக்குச் சொந்தம் மடகாஸ்கரில்.

இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன. ஏறத்தாழ 8 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. அப்புறம் இந்தியா தனியாக வடக்கே நகர்ந்தது. இந்த ஆமைகள் பிரிவுக்குப் பின்னாடி வாழ்ந்தவை, ஆனா நெருங்கிய சொந்தம். பொது மூதாதை ஒட்டியிருந்த காலத்துக்காரராக இருந்தா கணக்கு சரியாகுது. ஒரு எலும்பு இன்னொரு எலும்பைத் தொடுதா இல்லையான்னு ஆரம்பிச்ச வேலை, ரெண்டு நாடுகள் ஒண்ணா இருந்ததுக்குச் சாட்சி சொல்லுது பாருங்க. அதுக்காகத்தான் வகைப்பாடு. லேபிள் ஒட்டுற வேலைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்; லேபிள் தப்பானா சாட்சியே தப்பாயிடும்.

மழையில் கரைந்த பேருடல்

இப்போ கொஞ்சம் கஷ்டமான கதை. அதுவும் கல்லமேடுதான்.

1980களின் கடைசியில் பி. யாதகிரியும் கே. அய்யாசாமியும் கல்லமேட்டில் கிடைத்த ராட்சச எலும்புகளை வெச்சு ஒரு டைனோசருக்குப் பெயர் கொடுத்தாங்க. புருகத்காயோசாரஸ் மேட்லியி. ‘பிருகத் காயம்’, பேருடல். மேட்லி என்பது 1929ல் திருச்சிப் பகுதி டைனோசர்களைப் பத்தி எழுதினவர். இந்த டைனோசரின் முழங்காலுக்குக் கீழுள்ள நீள எலும்பு மட்டும் 2 மீட்டர்னு பதிவு. என்னைவிட உயரம். முதலில் அதை இறைச்சி தின்னும் வகையில் சேர்த்தாங்க. பின்னாடி வந்தவங்க, இவ்வளவு பெருசு நீள்கழுத்து தாவர உண்ணியாத்தான் இருக்கணும்னாங்க. சிலர் இது எலும்பே இல்ல, கல்மரமா இருக்கும்னுகூடச் சந்தேகப்பட்டாங்க.

எது சரி? எடுத்துப் பாத்துடலாமே?

பாக்க முடியாது. அந்த எலும்புகள் இப்போ இல்ல. மழையிலும் ஈரத்திலும் இளகிய நிலையில் இருந்த எலும்புகள், கட்டுப்போட்டு எடுத்த பிறகும் பொடிப்பொடியா உதிர்ந்துபோச்சு. 2022ல் பழைய புகைப்படங்களை வெளியிட்டு, அது உண்மையான எலும்புதான்னு அய்யாசாமியும் இன்னொரு ஆய்வாளரும் வாதாடினாங்க. நிலத்தில் நடந்த மிகப்பெரிய விலங்குகளில் ஒண்ணு நம்ம அரியலூர்க்காரனா இருந்திருக்கலாம். ‘லாம்’லயே நிக்குது.

யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லலை. அந்த மண்ணுல எலும்பு அவ்வளவு பலவீனம். ஆனா வித்தியாசத்தைப் பாருங்க. ஒரே படிவம். ஒரு பக்கம் உலகமே பேசுற ராட்சசன். தொட்டுப் பாக்க ஒண்ணுமில்ல. இன்னொரு பக்கம் யாரும் கேள்விப்படாத ஒரு ஆத்து ஆமை. மண்டையோடு கொல்கத்தாவில் எண் போட்டுப் பத்திரமா இருக்கு. 2001ல் சொன்னதை 2006ல் சரிபாத்தாங்க, 2009ல் மடகாஸ்கர் ஆமையோட ஒப்பிட்டாங்க. நாளைக்கு காஃப்னி சொன்னது தப்புன்னு நிரூபிக்க ஒரு இருபது வயசுப் பொண்ணு கிளம்பினாலும், அந்தப் பொருள் அங்க இருக்கு.

ஒரு இனத்துக்குப் பெயர் வைக்கிறப்போ, எந்த ஒரு மாதிரியை வெச்சு அந்தப் பெயர் நிக்குதோ அதை மூலமாதிரின்னு குறிச்சு வெச்சுடணும். கருத்து மாறலாம், பேரினம் மாறலாம், குடும்பம் மாறலாம். மூலமாதிரி மாறாது. அது போச்சுன்னா பேச்சு மட்டும்தான் மிச்சம்.

ஒரு தகரப் பெட்டி

அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டப்புறம் இதையெல்லாம் அப்பாகிட்டச் சொன்னேன். அவர் ஒண்ணும் பேசலை. கொஞ்சம் கழிச்சு, “தாத்தாவோட தகரப் பெட்டி ஞாபகம் இருக்கா?”ன்னார்.

இருக்கு. தாத்தா நெய்த ஒவ்வொரு கரை டிசைன்லயும் ஒரு சாண் துண்டு வெட்டி வெச்சிருந்தார். நான் காலேஜ் படிக்கிறப்போ வீடு மாத்தினோம். பெட்டியைத் திறந்தா பூச்சி அரிச்சுப் பாதி தூளாயிருந்தது. மீதியைக் குப்பையோட போட்டுட்டோம். பெட்டியை எடுத்துட்டுப் போய்ப் போட்டது நான்தான். ஒரு போட்டோகூட எடுக்கலை. அப்போவே கையில ஸ்மார்ட்போன் இருந்தது.

அதுல ஒரு கரையைப் பத்தி தாத்தா அடிக்கடி சொல்லுவார். பெயர் அப்பாவுக்கு நினைவிருக்கு. பக்கத்துத் தெரு பெரியவர் ஒருத்தருக்கும் நினைவிருக்கு. ஆனா அது எப்படி இருந்ததுன்னு ரெண்டு பேரும் ரெண்டு விதமா சொல்றாங்க. ஒருத்தர் ஒத்தை ருத்திராட்சம்ங்கிறார், ஒருத்தர் ரெட்டைங்கிறார். யார் சொல்றது சரின்னு தீர்க்க எங்ககிட்ட ஒண்ணுமில்ல. எங்க வீட்டுப் புருகத்காயோசாரஸ் அது.

மறுநாள் காலையில அப்பாவும் நானும் உக்காந்து, வீட்டுல மிச்சம் இருந்த துண்டுகளை எடுத்தோம். பதினொண்ணு இருந்தது. ஒவ்வொண்ணுக்கும் எண் போட்டு, முன்பக்கம் ஒரு போட்டோ, பின்பக்கம் ஒரு போட்டோ, பெயர், யார் நெஞ்சது, எந்த வருஷம். வருஷம் தெரியாத இடத்துல அப்பா ஒரு குத்துமதிப்பு சொன்னார். நான் கேள்விக்குறி போட்டேன். “ஏன்டா, நான் சொல்றேன்ல?”ன்னார். “தெரியலைன்னா கேள்விக்குறிதான்பா விதி”ன்னேன். சிரிச்சிட்டு விட்டுட்டார்.

முடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம்.

ஒண்ணு, அரியலூர் பக்கம் போனா வாரணவாசியில புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கு, பாருங்க. பெரம்பலூர் பக்கம் சாத்தனூர்ல, 1940ல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடந்த இடத்துலயே வேலி போட்டுக் காப்பாத்தி வெச்சிருக்காங்க. காப்பாத்தவும் நமக்குத் தெரியும் என்பதற்கு அது சாட்சி.

ரெண்டு, வயல்லயோ ஓடையிலயோ விசித்திரமா எதாவது கல்லைப் பாத்தா, தயவுசெஞ்சு பையில போட்டுக்கிட்டு வராதீங்க. எந்த மண்ணுல, எந்த அடுக்குல இருந்ததுங்கிறதுதான் அதோட ஆதார் கார்டு. எடுத்துட்டா அது வெறும் ஷோகேஸ் கல். பக்கத்துல ஒரு பேனாவை வெச்சு போட்டோ எடுங்க, லொக்கேஷனைச் சேமிங்க, பக்கத்துக் கல்லூரி நிலவியல் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ சொல்லுங்க. குரூப்ல ‘டைனோசர் முட்டை’ன்னு மட்டும் போடாதீங்க. நான் போட்டதே போதும்.

அப்பா கடைசியா சொன்னதோட முடிச்சுக்கிறேன். கிளம்புறப்போ பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தார். “அந்த ஆமை மண்டையைக் கொல்கத்தாவுல வெச்சிருக்காங்கன்னு சொன்னியே, பூச்சி அரிக்காம பாத்துக்குவாங்க இல்ல?”

கல்லாயிடுச்சுப்பா, பூச்சி அரிக்காதுன்னு சொன்னேன். “எதுக்கும் பாத்துக்கணும்”னார்.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.